முளைதிறன்

புரட்டாதி கடைசிக் கிழமை, மழைக்கு முன்னால்
ஐந்தாம் குறுக்குத் தெரு விதைக்கடைக்கு வருவார்
லலந்த மாத்தயா.
ஆறு கிலோ கௌபி, மூன்று கிலோ பயறு.
"மருந்து பூசின விதை வேணாம் தங்கச்சி,
சாப்பிடுறதுக்கு வயிறு கெட்டுப்போகும்."

சாப்பிடுவது
அவருடைய ஃபோனில் நிற்கும்:
இருட்டில் பச்சைப் பொட்டுகளாய்க் கண்கள்,
தாயின் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி.
மொனராகலைப் பக்கம் அரை ஏக்கர், சுற்றிக் காடு,
மனித வாடை போகாத பக்கமாக ஒரு பாலை மரம்,
அதில் பரண்.
துவக்கு என்ற சொல்லை மட்டும்
எந்த வருடமும் அவர் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை. தராசைத்தான் பார்ப்பேன்.

இந்த முறை
பின்னறைச் சாக்கிலிருந்து அள்ளினேன்.
முந்தின வருடத்து விதை. ஈரக் கடதாசியில் நூறு வைத்து
நானே எண்ணினது: முளைத்தவை நாலு.
விலை குறைக்கவில்லை. முதலாளிக்கும் சொல்லவில்லை.
பில்லில் என் கையெழுத்து,
செ. யசோதினி, வழக்கத்தைவிடத் தெளிவாக.

மார்கழியில் வந்தார்.
"உங்கட கௌபி ஒண்டும் வரல்ல."
என் கை கல்லாப்பெட்டிக்குப் போனது.
சிரித்தார்.
"கிளறின மண்ணில புல்லு வந்திச்சு.
அப்படி ஒரு புல்லு!
போன முறையைவிட ரெண்டு கூட."

ரெண்டு என்ன என்று கேட்கவில்லை.
வெளியே நாட்டாமிமார்
வழி, வழி என்று கத்திக்கொண்டு போனார்கள்.
ஒன்பது கிலோவுக்கும் காசை எண்ணி
மேசையில் வைத்தேன்.
அவர் எடுக்கவில்லை.