முப்பத்தொன்றாம் ஓடு

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
முகக் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவுகிறாள் புதோயி.
படகில் புக்குரு,
அவளைவிட நாற்பது நிமிடம் மூத்தவன்.
மடியில் நோட்டு, மழுங்கிய பென்சில்,
பாலிதீன் பையில் வறுத்த மரவள்ளி.

தங்கானிக்கா இன்று சும்மா கிடக்கிறது.
மூன்று ஆள் ஆழத்திலும் மணல் தெரிகிறது,
மணலில் படகின் நிழல்,
நிழலின் ஓரத்தில் மெல்லும் ஒரு தாடை.

எண்ணுவதுதான் வேலை.
செத்த நத்தைகள் விட்டுப்போன ஓடுகளை.
போன வாரம் ஒவ்வொன்றின் முதுகிலும்
சிவப்பு நகப்பூச்சால் எண் எழுதினாள்.
புட்டி அவளுடையது.
ஆய்வு நிலையம் இன்னும் காசு தரவில்லை.

மூழ்கினால் முதலில் சத்தம்:
பாறையில் பாசி கரண்டும் நூறு பற்கள்.
வாய் உப்பிய ஒருத்தி
இரை மூக்கில் இடித்தும் திறக்காமல் விலகுகிறாள்,
உள்ளே குஞ்சுகள்.
வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு
சண்டைக்குப் பதில் சொல்லாதிருப்பவளின் முகம்.

பாறை முடிந்து மணல்.
மணலில் ஓடுகளின் மேடு.
மேட்டுக்குச் சொந்தக்காரன் சாண் நீளம்,
எந்த வீட்டுக்குள்ளும் அவன் நுழைய முடியாது.
அவன் பெண்கள் சுண்டுவிரல் அளவு,
ஆளுக்கொரு சுழலில்
வால் உள்ளே, கண் வாசலில்.

இருபத்தொன்பது. முப்பது.
முப்பத்திரண்டு.

"புதைந்திருக்கும், தோண்டு" என்கிறான் புக்குரு
மரவள்ளிக்கு நடுவே.
தோண்டினாள். ஓர் ஓட்டிலிருந்து
நண்டு நீண்டு விரலைக் கவ்வியது.
நீருக்குள் திட்டினால் குமிழிதான் வரும்.

குமிழி விலகியபோது பார்த்தாள்.
அடுத்த மேட்டுக்காரன்
ஓட்டின் உதட்டைக் கவ்வி
மணலில் கோடு விழ இழுத்துப்போகிறான்.
வைக்கிறான். செவுள் அடங்குகிறது.
மறுபடி கவ்வுகிறான்.
சிவப்பு மூன்று, சிவப்பு ஒன்று, தலைகீழாக.
வாசலில் அந்தக் கண்,
எங்கே என்று கேட்காமல்.

"உள்ளே ஆளோடு தூக்கிப்போகிறான்" என்றாள் மேலே வந்து.
புக்குரு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.
"அப்போ எந்த மேட்டில் எழுத?"

புருண்டிக் கரையிலிருந்து
மெத்தைமீது அம்மாவும், அம்மாமீது இவர்கள் இருவரும்
ராத்திரிப் படகில் வந்து இறங்கியபோது
மேஜைக்காரரும் இப்படித்தான்
பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார்.
எந்த ஊர் என்று எழுதினாரோ,
அட்டையில் அந்த இடத்தில் இப்போது மடிப்பு.

"இரு" என்று மறுபடி இறங்கினாள்.
புது மேட்டின் ஓரத்தில் முப்பத்தொன்று
பாதி மணலுக்குள்.
எண் தெரியட்டும் என்று விரலால் திருப்பியதும்
புதுச் சொந்தக்காரன் பாய்ந்து
கண்ணாடியில் மோதினான். டொக்.
இன்னொரு முறை. டொக்.

நோட்டில் புக்குருவின் கோணல் எழுத்து:
31, இருக்கிறது.
அதன் கீழே, புதோயி சொல்லச் சொல்ல,
நகப்பூச்சு ஒரு புட்டி, இரண்டாயிரம் ஷில்லிங்.