டிராம் பணிமனை, ரீகா

பதினோராம் எண் வண்டியின் கூரையில்,
மின்கம்பியைத் தொடும் இரும்புக்கைக்கு அடியில்
காய்ந்த சருகென்று
துடைப்பத்தை ஓங்கிவிட்டேன்.
சருகுக்குக் கால் இருந்தது.

ஆந்தைக் குஞ்சு என்றாள் ட்ஸிந்த்ரா.
குயில் என்றார் ஐவர்ஸ்,
ஏணியைப் பிடித்தபடி, பார்க்காமலேயே.

அலகு ஒரு நகத்துணுக்கு.
திறந்தால் வாய்
காதுவரை போகிறது,
ஓரமெங்கும் விறைத்த மீசை.

நடுவிரல் நகத்தை விளக்கில் பிடித்தேன்:
பல்பல்லாய் ஒரு சீப்பு,
இடுக்கில் அந்துப்பூச்சியின் பொடி.

பக்கி.

பைன் காட்டில் மிதிபடும் தூரத்தில் கிடந்தாலும்
கண்ணுக்குச் சிக்காதது
இங்கே, வெல்டிங் வெளிச்சத்தில்,
என் கையுறைமேல் எடையே இல்லாமல்.

நாலரைக்கு முதல் வண்டி.
மிச்சமிருந்த கருப்பு ரொட்டியை
வாயில் திணித்துக்கொண்டு
டப்பாவைத் தட்டிக் காலிசெய்து நீட்டினார் ஐவர்ஸ்.
"குயில்தான்" என்றார்.