தலைக்கு இவ்வளவு

சிலிம் ரிவர் கொப்பிக் கடையில்
லீவுக்கு வந்த என் மச்சான்கள் இருவர்.
"புருணையில பெட்ரோல் ஐம்பத்து மூணு காசு"
என்றான் இருதயராஜ்.
"பஹ்ரைன்ல பீராவது கிடைக்கும்"
என்றான் குணாளன்.
வருமான வரி இல்லை.
அங்கேயும்தான் இல்லை.
ஆஸ்பத்திரி சும்மா.
"யாருக்கு?"
இருதயராஜ் தே தாரேக்கின் நுரையை ஊதினான்.

கைப்பேசியில் தலா வருமானம் தேடினோம்.
இரண்டுமே நம்மைவிடப் பெரிய எண்.
"வகுக்கும்போது என் தலையையும் சேத்துக்குவான்,
பங்கு வைக்கும்போது
விசா எங்கேன்னு கேப்பான்."
மீ கோரெங் ஆறிப்போனது.

பில்லுக்கு இருவரும் இழுபறி.
வெளியே திருப்பத்தில்
செம்பனை லாரி ஒரு குலையைச் சிந்தியது.
தாக்காவிலிருந்து வந்த ரஃபீக்குல்
குதித்திறங்கி
ஒவ்வொரு பழமாகப் பொறுக்கினான்.
என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

அவனுக்கு மூட்டைக் கணக்கு.
எழுதுவது நான்.