இரண்டாம் வரிசை

ஞாயிறு மதியக் காட்சிக்கு
கன்னியாஸ்திரீகள் இருவர் எங்களை ஓட்டிப்போவார்கள்.
பதினான்கு பெண்கள், சாம்பல் சீருடை.
டூரின் பனிமூட்டம் காதுவரை இறங்கியிருக்கும்.
காது என்றதும் ஞாபகம் வருகிறது:
அரங்கில் ஒரு பியானோ இருந்தது.
அதன் மூடிமேல் யாரோ வைத்த ஆரஞ்சுப் பழம்
நடுங்கும்போதுதான் எங்களுக்குத் தெரியும்
யாரோ வாசிக்கிறார்களென்று.

திரையில் பிரிச்சோலா வருவாள்.
ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம்.
ஆள் என்னவோ முழு ரொட்டி.
எப்போதும் வேலைக்காரி வேஷம்,
எப்போதும் கையில் சூப் பாத்திரம்,
எப்போதும் படிக்கட்டு.
பாவாடை குடையாய் விரிய அவள் உருள,
சீமாட்டியின் மடியில் சூப் கொதிக்க,
சனம் சிரிப்பதை
பெஞ்சுப் பலகை எங்கள் தொடைகளுக்குச் சொல்லும்.

நாங்களும் சிரிப்போம்.
கொஞ்சம் தாமதமாக.

கைகளால் பேசக் கூடாது எங்கள் விடுதியில்.
உதட்டைப் பார், உதட்டை மட்டும் பார்;
விரல் அசைந்தால் விரல்மேல் பிரம்பு.
ஒன்பது வருடப் பிரம்படிக்கு
அந்த இருட்டில்தான் வட்டி கிடைத்தது.

எழுந்து நிற்பாள் பிரிச்சோலா, முகமெல்லாம் காரட்.
'ஐயோ, என் அருமை சூப்பே!' என்று
எழுத்து அட்டை வரும்.
அவள் உதடு சொன்னதோ வேறு:
'உபெர்த்தல்லி, கஞ்சப் பயலே,
போன வாரம் விழுந்ததற்கே பதினோரு லீரா பாக்கி.'

குண்டு பிரபுவை முத்தமிடும் காட்சி.
அட்டையில் 'என் ஆருயிரே'.
உதட்டில் 'பூண்டு, கடவுளே, பூண்டு'.

என்ன சிரிப்பு என்று அதட்டுவார் சகோதரி அமாபிலே.
சூப், சகோதரி, என்போம்
நற்கருணை வாங்கிய முகத்தோடு.

பிப்ரவரியில் ஒரு சைக்கிள் படம்.
பாலத்தின் கைப்பிடிச் சுவர் தாண்டிக் கால்வாயில் விழுந்தாள்.
அட்டை வந்தது: 'குளிப்பது உடம்புக்கு நல்லது!'
பலகை அதிர்ந்தது, அதிர்ந்துகொண்டே இருந்தது.
கரையைப் பிடித்தபடி அவள் சொன்னாள்:
'நிறுத்தாதே, சுற்று.
எலும்பு போச்சு. இன்னொரு தடவை என்னால் முடியாது.'

இரண்டாம் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அத்தனை கூச்சலுக்கு நடுவே
ஒரு வரிசையின் மௌனம் யார் கண்ணில் படும்?
பட்டிருக்கிறது.
வெளியே தூண்களுக்கடியில் ஒருத்தி நின்றாள்,
வலைத்தொப்பி, கைத்தடி.
விளக்கடிக்கு வந்து வலையைத் தூக்கினாள்.
எங்களுக்கு மூச்சு நின்றது.
வண்ணத்தில் அவளுக்கு மூக்கு சிவப்பு.

உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்:
'எவ்வளவு பாக்கி?'

தெல்ஃபீனாதான் துணிந்தவள்.
சகோதரிகள் பார்க்கப் பார்க்க
பத்து விரலையும் விரித்தாள்,
மடக்கினாள், ஒன்றை நீட்டினாள்.

விலாவைப் பிடித்துக்கொண்டு,
வலிக்க வலிக்கச் சிரித்தாள் அந்தப் பெண்.
திரையில் அவள் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.
தெல்ஃபீனாவுக்கு மூன்று நாள் வெறும் கஞ்சி.

ஈஸ்டருக்குப் பிறகு புதுப்படம்.
அதே படி, அதே சூப்.
விழுந்தவள் எழுந்தாள்; சீமாட்டியைப் பார்க்கவில்லை,
நேராக எங்களைப் பார்த்தாள்.
'மன்னியுங்கள், அம்மணி!' என்றது அட்டை.

'ஒன்பதுதான் கொடுத்தான்' என்றாள்.

நாங்கள் பதினான்கு பேரும்
இருபத்தெட்டுக் காலால் தரையை உதைத்த உதையில்
ஆரஞ்சு உருண்டு விழுந்தது.