பதினேழாம் எண்

உம்மன்னாக்கில் கயிறு அவிழ்க்கும்போதே சண்டை.
யோர்னுக்கு வல்லூறு வேண்டும்,
பிபாலுக்குக்கு அந்தக் கற்பாசி.
இரண்டும் ஒரே பாறையில்.
எனக்கு ஒரே பெட்ரோல் கணக்கு.

நொடிக்கு ஐம்பது மீட்டர் விழும், என்கிறான் அவன்.
வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் நகரும், என்கிறாள் இவள்,
குரலில் அதே பெருமை.
நான் பாட்டுக்கு
மிதக்கும் பனிப்பாளங்களை விலக்கி ஓட்டினேன்.

ஜூலை. ராத்திரி பதினொன்றுக்கும் அணையாத வெயில்.
சாம்பல் செங்குத்தில், யாரோ சாயம் கொட்டிவிட்டுத்
திரும்பிப் பாராமல் போனதுபோல்
ஒரு ஆரஞ்சு வழிசல்.
மூன்று கல் தொலைவிலிருந்தே தெரியும்.
எங்கள் ஆட்கள் பறவையைத் தேட மாட்டார்கள்,
அந்த நிறத்தைத்தான் தேடுவார்கள்.
நிறத்துக்கு மேலே நகம் இருக்கும்.

கயிற்றுக்கு ஆணி இறக்க
யோர்ன் தட்டிப் பார்த்த இடம்
பிபாலுக்கின் பதினேழாம் எண் வட்டம்.
பாய்ந்து போய் உள்ளங்கையால் மூடினாள்.
"முந்நூற்று இருபது வயசு இதுக்கு!"
அவள் விரல்களைத் தாண்டி
இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு வெளியே தெரிந்தது.

"நாளைக்கோ மறுநாளோ குஞ்சு பறந்துவிடும்.
இது எங்கேயும் போகாதே?"
"அதனால்தான்," என்றாள்.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.
மேலே, விளிம்பில்,
மார்பெல்லாம் பனிக்கோழி ரத்தத்தோடு நின்ற தாய்
எங்களைப் பார்த்தது. திரும்பிக்கொண்டது.
வாலைத் தூக்கியது.

வெள்ளையாய் ஒரு சரம்
யோர்னின் தலைக்கவசம் உரசி,
பிபாலுக்கின் சட்டைக் கை நனைத்து,
மிச்சம் பதினேழின் மேல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது,
இத்தனை காலமாய் இங்கே பந்தி நடக்கிறது.
எத்தனை வல்லூறு மாறியிருக்கும் அந்த விளிம்பில்!
ஒன்றுக்காவது தெரிந்திருக்குமா,
தான் யாருக்குப் படியளக்கிறோம் என்று?
தின்றவனுக்கும் நன்றி சொல்ல வாயில்லை.
அவன் செய்ததெல்லாம்
சிவந்து, சிவந்து,
அரை மில்லிமீட்டர்.

ஆணி ஒரு முழம் இடப்பக்கம் இறங்கியது.
மூன்று குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினான்.
மூன்றும் அவன் கட்டைவிரலைக் கிழித்தன.
அவள் சட்டையைத் துடைக்கவில்லை.
அளந்தாள், எழுதினாள், அடித்தாள்,
போன வருஷத்து எண்ணையே மறுபடி எழுதி
கடைசி இலக்கத்தருகே ஒரு கேள்விக்குறி.

திரும்பும் வழியில் கூலிப் பேச்சு.
காத்திருந்தது நாலு மணிநேரம், ஆளுக்குப் பாதி என்றேன்.
யோர்ன் கட்டுப்போட்ட விரலால் தலையாட்டினான்.
விளையாட்டுக்குக் கேட்டேன்:
இந்த நாலு மணிநேரத்தில் உன் பதினேழு
எவ்வளவு வளர்ந்திருக்கும்?

சிரிக்காமல்
பென்சிலை எடுத்தாள்.