பெயரில்லாத குளத்துக்கு நாலு டிக்கெட்

வரைபடம் தரையில் விரிந்து கிடக்கிறது.
நாலு மூலைக்கும் பாரம்:
உப்புப் போத்தல், என் ஹெல்மெட்,
லொயிட்டின் இரண்டு செருப்பு.
மரைன் டிரைவ் பக்கம் ரயில் போகும்போதெல்லாம்
மலைநாடு முழுவதும் ஒருதரம் நடுங்கி அடங்குகிறது.

"இதில நீலப் பொட்டு வைத்தது ஆர்?"
"பொட்டில்ல, அதுதான் குளம்" என்கிறான் ஃபாரிஸ்.
பெயர் போடவில்லை.
அதற்கும் அப்பால் இன்னுமொன்று, அதைவிடச் சின்னது,
யாரோவின் பேனை கசிந்ததாகவும் இருக்கலாம்.
இரண்டுக்கும் போவதென்று முடிவாயிற்று.

இரவு ரயில், மூன்றாம் வகுப்பு.
பிறகு பஸ்.
பிறகு கிழங்கு ஏற்ற வரும் ஏதாவதொரு லொறி,
பிறகு கால்.
அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் நாலு கட்டி போதும் என்றேன்.
எட்டு என்றாள் திலகேஸ்வரி.
எங்களில் அவள் ஒருத்திக்குத்தான் அட்டையைத் தெரியும்.

ட்ரவுட் மீனை ஒருவரும் உயிரோடு கண்டதில்லை.
லொயிட் கண்டது ஒரு கிளப் சுவரில்,
வார்னிஷ் பூசி, வாய் திறந்தபடி.
"பக்கமெல்லாம் புள்ளி" என்கிறான்,
"அம்மை மாறின பிள்ளை மாதிரி."
அதற்கு மண்புழு பிடிக்காதாம்.
இல்லாத பூச்சியைத்தான் நம்புமாம்.

ஆகவே வெள்ளவத்தைச் சந்தையில்
சேவல் கழுத்து இறகு கேட்டேன்.
காசு வாங்காமல் தந்த கடைக்காரர்
செய்வினைக்கோ பிள்ளை என்றார் மெதுவாக.
கூறைச்சேலையின் ஓரத்தில் சரிகை இழை ஒன்று உருவினேன்.
வழக்கு முடிந்து இரண்டு வருடம்,
அதற்கும் ஒரு வேலை வேண்டுமே.
கொளுவியில் இறகு வைத்து, இழை சுற்றி, பல்லால் இறுக்கி
ஒன்பது பூச்சி.
ஒன்றுகூட எந்தப் பூச்சியையும் போல இல்லை.

ஃபாரிஸ் அனுமதிப் படிவத்தை உரத்து வாசித்தான்.
இடையில் லொயிட்டுக்கு வரலாறு வந்துவிட்டது:
முட்டையாகத்தான் கப்பலேறியதாம் இந்த மீன்,
பாசி விரித்த தட்டில், பனிக்கட்டிக்கு நடுவில்.
துரைமார் ஓய்வுக்குப் பிடித்து விளையாட.
வெயில் படாமல், குலுங்காமல்
மலைக்கு ஏற்றினார்களாம், பிள்ளைத்தாய்ச்சியைப் போல.

திலகேஸ்வரி சவர்க்காரம் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"எங்க ஆளுங்க மன்னார்லருந்து நடந்தாங்க" என்றாள்.
ஆறு. ஏழு. எட்டு.
மின்விசிறி துருவோடு சுற்றியது.
பிறகு அவளே கேட்டாள்:
"புடிச்சா திரும்ப விட்டுறணுமா, திங்கலாமா?"
படிவத்தில் அந்த வரி மட்டும் மங்கலாய் அச்சாகியிருந்தது.

என் லீவுப் படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம்.
சொந்த அலுவல் என்று எழுதினேன்.
காப்புறுதிக் கந்தோரில் பதினொரு வருடம்;
மீன் என்று எழுதினால்
மேலாளர் எனக்காகப் பிரார்த்தனை செய்யத் தொடங்குவார்.

பழகிப் பார்க்க ஏழாம் மாடிக்கு மேலே ஏறினோம்,
தண்ணீர்த் தாங்கிக்கும் டிஷ் அன்ரெனாவுக்கும் நடுவே.
மணிக்கட்டு மட்டும் அசைய வேணும் என்றான் லொயிட்,
பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில்.
பின்னால் நூல் நீளும்வரை பொறுக்க வேணும்.
அந்தப் பொறுமைதான் எனக்கு வரவில்லை.
கடல்காற்று பூச்சியைப் பறித்துக்கொண்டு
அடுத்த மாடிக் கொடிக்குப் போனது.
ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை,
தோளில் சரியாகக் கொளுவிற்று.

இழுக்கப் பயம். அறுக்கவும் மனமில்லை.
சட்டை காற்றில் உதறத் தடி வளைந்தது,
என் முழங்கைவரை அந்தத் துடிப்பு.
"மெதுவா, மெதுவா" என்று மூவரும் கிசுகிசுத்தார்கள்,
அது கேட்டுவிடுமென்பது போல.

ஈரக் கையோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.
சட்டையைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள்,
நூல் வந்த வழியே எங்களைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல் கொளுவியைக் கழற்றி
பல்புக்கு நேரே பிடித்து
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்ன பூச்சி இது?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அவள் உள்ளங்கையில் சரிகை ஒருதரம் மின்னிற்று.