கிழமைக் காசு

கல்லடி வாவிக்கரைப் பூங்காவில்
என் பிறப்பிலும் பழைய ரோலர் கோஸ்டர்.
டிக்கெட் முன்னூறு.
பெல்ட்டுக்குப் பதில் ஒரு சங்கிலி.

ஏறிக் குந்தின பிறகுதான் பார்த்தேன்,
பக்கத்தில் லோன்காரன் யதுர்ஷன்.
மூன்று செவ்வாய்க்கிழமை
அம்மா இல்லை என்று
பிள்ளையை விட்டுச் சொன்னது இவனிடம்தான்.

கடகடவென்று ஏறி
உச்சியில் நின்றது.
கரண்ட் போயிற்று.

பாலம் இருட்டு. ஊர் இருட்டு.
வாவியில் மட்டும்
இறாலுக்குப் போனவர்களின் ஏழெட்டு விளக்கு.
காற்றுக்குப் பெட்டி கிறீச்சிட்டது.

"அக்கா, இது விழாதுதானே?"

கணக்கெழுதும் விரல்கள்
என் மணிக்கட்டை இறுக்கியிருந்தன.
"விழாது" என்றேன்.
எனக்கென்ன தெரியும்.

அவன் காசைப் பற்றிக் கேட்கவில்லை.
மீன் பாடுமாம் இந்த வாவியில்;
எங்களுக்குக் கேட்டது
பின் பெட்டியில் யாரோ பெடியன்
சத்தியெடுத்த சத்தம்.

மறுகா கரண்ட் வந்தது.
விழுந்தோம்.
வயிறு தொண்டைக்கு வர
இரண்டு பேரும் ஒரே குரலில்
"அம்மோவ்!"

இறங்கினதும்
சீப்பெடுத்துத் தலை வாரினான்.
"செவ்வாய் வாறன்" என்றான்
என்னைப் பாராமல்.

வந்தான்.
கதவைத் திறந்தது நான்தான்.
கையில் இருந்தது
அரைவாசி.